பொட்டு அழியாத தகடு

ஆமா சார், பொறாமைதான். வயிறு எரியுது. உங்க அண்ணன் மகன் விசாகன் கழுத்துல கிடக்குற மாலை என் கழுத்துல விழ வேண்டியது. எரியாம என்ன பண்ணும்?

போட்டி என்ன சார்? சின்ன டிராக்டரோட ஸ்டியரிங் ராடுல கல்லும் வேர்க்கட்டையும் இடிக்காம, முன்னாடி ஒரு தகடு செஞ்சு மாட்டணும். சவுக்கு வெட்டின காட்டுல மூணு நாள் உழணும். ஜெயிச்ச தகடைத்தான் நம்ம காலேஜ் பண்ணையில எல்லா டிராக்டருக்கும் மாட்டுவாங்க, செஞ்சவங்க பேரோட.

நான் தேஞ்சுபோன கலப்பைத் தட்டை வெட்டி மாட்டினேன். பண்ணை மேனேஜர் நீங்க, எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க? "பூவரசி தகடைப் பாரு, நாய் குதறின மாதிரி. விசாகன் தகடுல ஒரு கீறல் உண்டா?"

அடி வாங்கத்தான சார் தகடு? என் ராடைத் தடவிப் பாருங்க, ஒரு சிராய்ப்பு கிடையாது.

விசாகன் தகடையும் குனிஞ்சு பாத்தேன். ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு, குங்குமத்தோட அப்படியே இருக்கு. பூஜைக்கு மறுநாள்தான போட்டி ஆரம்பிச்சது? என் பொட்டு முதல் கட்டையிலயே போயிடுச்சு.

கத்தாதீங்க. மைக் உங்க கையிலதான் இருக்கு, பிரின்சிபாலும் முன்னாடிதான் உக்காந்திருக்காரு. அந்த மூணு நாளும் விசாகன் டிராக்டர் எந்த ஷெட்டுல நின்னுச்சு? மைக்லயே சொல்லுங்க சார்!