முதல் பக்கத்துக் கொலைகாரன்

துப்பறியும் நாவல் ரசிகர் மன்றத் தலைவர் தணிகாசலத்துக்கு ஒரு பீற்றல். ஐந்து பக்கம் புரட்டினாலே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாராம். சொல்லியும் தொலைப்பார், அதுதான் கொடுமை.

மன்றம் நடத்தும் வாடகை நூலகத்தைப் பெருக்கும் செங்கமலம் சும்மா இருக்காமல், "எல்லாக் கதையிலயும் முடியுமா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். "என்னால கண்டுபிடிக்க முடியாத கதை ஒண்ணு கொண்டா பார்ப்போம்! இல்லைன்னா பெருக்கறதோட சரி, இனி ஒரு புத்தகத்தையும் நீ தொடக் கூடாது!"

செங்கமலத்துக்கோ தினம் ஒரு நாவல் படிக்காவிட்டால் சோறு இறங்காது. மறுநாள் மன்றமே கூடியிருக்க, ஒரு நாவலை நீட்டினாள். தலைவர் ஐந்து பக்கம் புரட்டினார், மீசையைத் தடவினார்.

"கொலைகாரன், டிரைவர் முத்தையன்!"

ஒரே கைதட்டல். அது ஓய்ந்ததும் செங்கமலம் சொன்னாள்:

"இந்தக் கதையில டிரைவரே கிடையாது சார், கார்கூட இல்ல. படிச்சவங்க முதல் பக்கத்துல கொலைகாரன் பேரைப் பென்சில்ல கிறுக்கி வைக்கிறது இங்க வழக்கம்தானே? இதுல 'டிரைவர் முத்தையன்'னு கிறுக்கினது நான்."

தலைவர் அவசரமாகப் புத்தகத்தை மூடினார்.

"அழிச்சுட்டு முழுசாப் படிங்க சார், நல்ல கதை" என்று அவர் கையில் ரப்பரை வைத்துவிட்டு, அடுத்த நாவலை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள் செங்கமலம்.