ரெண்டு கை மரியாதை

ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க நெல்லுக்கும் பஞ்சமில்ல, நாக்குக்குப் போடற பூட்டுக்கும் பஞ்சமில்ல. ஊரு மொத்தமும் தில்லையப்பப் பண்ணையாருக்குச் சொந்தம். நிலம் அவருது, மாடு அவருது, சேத்துல எறங்கி நாத்து நடற சனமும் அவருதாம். மனுசங்களை எப்படிச் சொந்தமா வச்சுக்கறதுன்னு கேக்கறீங்களா? வச்சிருந்தாங்க, கண்ணுங்களா. மாட்டுக்காச்சும் முட்டறதுக்குக் கொம்பு இருந்துச்சு.

அந்தச் சனத்துல சடைச்சின்னு ஒருத்தி. புருசன் போய்ச் சேந்துட்டான், பூவாயின்னு ஒரே மக. பண்ணையாரு முன்னால எப்படிப் பேசணும்னு சட்டம் இருந்துச்சு. மூச்சுக்காத்து பட்டா அவருக்குத் தீட்டாம், அதனால ஒரு கையால வாயைப் பொத்திக்கணும். 'நான்'னு சொல்லக்கூடாது, 'அடிமை'ன்னுதான் சொல்லணும். 'என் வீடு'ன்னு சொல்லக்கூடாது, 'குப்பைமேடு'ன்னு சொல்லணும். 'என் மக'ன்னு சொல்லக்கூடாது, 'பண்ணைக் கன்னு'ன்னு சொல்லணும். சோறு தின்னியான்னு கேட்டா, 'அடிமை உமி தின்னுச்சு'ன்னு சொல்லணும். பாதி நாளு அவ தின்னதும் உமிதான், அது வேற விசயம்.

இப்படி இருக்கறப்போ பண்ணையாரு மகளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. சீதனமா ஒரு கறவைமாடு, ஒரு வெண்கல அண்டா, கூடவே பூவாயியும்னு அவரு பேசி முடிச்சுட்டாரு. சம்பந்தி ஊரு ஆத்துக்கு அந்தாண்ட. அங்க போன ஆளு திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. சடைச்சி களத்துக்கு ஓடினா, வாயைப் பொத்தினா, ஆனாலும் வாய் தவறிப்போய், "என் மகளை அனுப்பிடாதீங்க ஆண்டே"ன்னுட்டா. அவ அழுதது பண்ணையாரு காதுல விழவே இல்ல. 'என்'ங்கறது மட்டும் விழுந்துச்சு. "என்ன, உன் மகளா? அப்படிச் சொல்ல நீ யாருடி?"ன்னு கேட்டாரு. சடைச்சி வந்த வழியே திரும்பி ஓடினா. குடிசைக்கு வந்து பூவாயியைக் கட்டிக்கிட்டு, 'என் மக, என் மக, என் மக'ன்னு வாயைப் பொத்தாம சொல்லிச் சொல்லி அழுதா.

சம்பந்தியும் வந்து சேந்தாரு. மாட்டோட பல்லைப் பாத்தாரு, அண்டாவைத் தட்டிப் பாத்தாரு, பூவாயியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் பண்ணையாரு அவரை நிலம் காட்டக் கூட்டிட்டுப் போனாரு. பட்டு வேட்டி தழையத் தழைய வரப்பு மேல நின்னு, அந்தப் பனை வரைக்கும் நம்முது, அந்த மடை வரைக்கும் நம்முதுன்னு கையை வீசிக்கிட்டே பின்னால நகந்தாரு, நகந்தாரு, பொதுக்குனு வயலுக்குள்ள எறங்கிட்டாரு. அது உளைச்சேறு, ஆளை உள்ள இழுக்கும். மாடுகூட அந்த மூலைக்குப் போகாது. சொந்தக்காரருக்கு மட்டும் தெரியல.

சம்பந்தி என்ன பண்ணினாரு? வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நாலடி தள்ளிப் போய் நின்னுட்டாரு. நடவு நட்ட சனம் ஓடிவந்து, வாயைப் பொத்திக்கிட்டு வரிசையா நின்னுச்சு. முன்னால சடைச்சி, அவ பக்கத்துல பூவாயி.

சேறு இடுப்புக்கு வந்துச்சு. பாத்துக்கிட்டு நிக்கறியே, தூக்குடின்னாரு. ஒரு கை வாயில இருக்குங்களே, ஒத்தக் கையால தூக்கினா வழுக்குமேன்னா சடைச்சி. எடுத்துத் தொலைன்னாரு. எடுத்தா.

சேறு மாருக்கு வந்துச்சு. சடைச்சி மாட்டுக் கயித்தை வீசி இழுத்தா, ஆளு அசையல. பூவாயியையும் இழுக்கச் சொல்லுன்னாரு. ஐயோ, அது சம்பந்திக்குக் குடுத்துட்ட கன்னாச்சே, அடுத்தவங்க பொருளு மேல அடிமை கை வைக்கலாமான்னா.

சேறு கழுத்துக்கு வந்துச்சு. அப்பத்தான் சடைச்சி மெதுவா, "பூவாயி யாரு மக, ஆண்டே?"ன்னு கேட்டா.

"உன் மகதான். சடைச்சி மக. நீயே வச்சுக்க, இழு"ன்னு கத்தினாரு.

தாயும் மகளும் சேந்து இழுத்தாங்க, சனமும் கயித்தைப் பிடிச்சுது, பண்ணையாரு வெளிய வந்துட்டாரு. பட்டு வேட்டி வரல. சிரிக்காதீங்கடா, பாவம், வாழை இலையைச் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போனாரு.

குளிச்சு முடிச்சதும் புத்தி பழையபடி வந்துடுச்சு. சடைச்சியைக் கூப்பிட்டு, சேத்துல சொன்னது சேத்தோட போச்சு, காலையில கன்னு வண்டி ஏறணும், உனக்கு மரியாதையும் மறந்துபோச்சு, வாயைப் பொத்துடின்னாரு. சடைச்சி பொத்தினா. ஒரு கையால இல்ல, ரெண்டு கையால.

விடிஞ்சு பாத்தா சனம் மொத்தமும் ரெண்டு கையால வாயைப் பொத்திக்கிட்டு பண்ணையாரு வீட்டு முத்தத்துல நிக்குது. பாலைக் கறன்னாரு, கை வாயில. அடுப்பை மூட்டுன்னாரு, கை வாயில. வண்டியைப் பூட்டுன்னாரு, கை வாயில. பறிச்சுப் போட்ட நாத்துக்கட்டு வெயில்ல வாடுது, மடியில பால் கட்டி மாடு கத்துது, காப்பித் தண்ணிகூட இல்லாம சம்பந்தி உறுமறாரு. என்னடி இது கூத்துன்னு பண்ணையாரு கேட்டாரு. ஒரு கையால பொத்தினா மரியாதை பத்தலையாமேன்னு சடைச்சி விரலிடுக்குல முணுமுணுத்தா.

கையை எடுங்கன்னாரு. யாரும் எடுக்கல.

"எடுத்தா பேச்சு வந்துடும் ஆண்டே, பரவாயில்லையா?"ன்னு கேட்டா சடைச்சி.

பண்ணையாரு வாடற நாத்தைப் பாத்தாரு, கத்தற மாட்டைப் பாத்தாரு, உறுமற சம்பந்தியைப் பாத்தாரு. வரட்டும்னுட்டாரு.

சடைச்சி ரெண்டு கையையும் கீழ விட்டா. "நான் சடைச்சி. இவ என் மக. இவளை அனுப்ப மாட்டேன்"னா. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கையை எடுத்துட்டு, நான் இன்னாரு, அது என் வீடு, இது என் புள்ளைன்னு பேச ஆரம்பிச்சாங்க. எத்தனை வருசத்துப் பேச்சு அது! ஊரே இரைஞ்சுது.

அப்புறம்தான் நாத்து வயலுக்குப் போச்சு. சம்பந்தி மாட்டையும் அண்டாவையும் வண்டியில ஏத்திட்டு, குடுக்கறேன்னு சொன்ன மூணாவது எங்கய்யான்னு தெருவுல நின்னு கத்தினாரு. பண்ணையாரு அவரு முன்னால குனிஞ்சு நின்னு, அது சடைச்சி மகளுங்க, தர்றதுக்கில்லைங்கன்னாரு. சொல்றப்போ தன் கையாலயே தன் வாயைப் பொத்திக்கிட்டிருந்தாரு, அது அவருக்கே தெரியல.

பூவாயி குடிசைக்குப் போனா, நாத்து வேர் புடிச்சுது, கதையும் கரையேறிடுச்சு. நம்ம வாயைப் பொத்தச் சொல்றவங்களுக்கு நம்ம கை இல்லாம ஒரு வேளை ஓடாது, அதை மட்டும் மறந்துடாதீங்க. எலேய் கடைக்குட்டி, கதைதான் முடிஞ்சுபோச்சே, வாயிலேர்ந்து விரலை எடுத்துட்டுத் தூங்கு.