கேட்காமல் வந்த பதில்

எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்குக் காட்டும் இணையதளத்தை மதுரையில் ஒரு கம்பெனி நடத்தியது. டிரைவர்கள் நொடிக்கு நொடி பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்ததில் சர்வர் திணறியது.

தலைமைப் பொறியாளர் திருவேங்கடம் உத்தரவு போட்டார். "இனிமே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம்."

"அதுக்குள்ள படுக்கை நிரம்பிட்டா நோயாளி கதி என்ன சார்?" என்றாள் புதிதாகச் சேர்ந்த ஜெனிபா.

"அப்ப கேட்காமலே பதில் வரவழைச்சுக் காட்டு!"

அன்று முதலாளி வருகிற நாள். திருவேங்கடம் வாசல் காவலாளிக்கு ஓயாமல் போன் போட்டு, "வந்துட்டாரா?" என்று கேட்டபடி இருந்தார். ஜெனிபா போனை வாங்கினாள்.

"அண்ணே, அவர் வந்ததும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க."

வைத்த சற்று நேரத்தில் போன் மணி அடித்தது. "வந்துட்டாரும்மா! கேட்டுக்கு வெளியே நிக்கிறாரு. இவ்வளவு நேரம் போனை விட்டு எழுந்திருக்க முடியாம நான் பார்க்கவே இல்ல."

முதலாளி கோபமாக மேலே வந்தார். "கேட்டைத் திறக்க ஆளில்லையா?"

"ஓயாம போன்ல பதில் சொல்லிச் சொல்லியே காவலாளியால கேட்டைப் பார்க்க முடியல. நம்ம சர்வருக்கும் இதே கதிதான் சார்," என்றாள் ஜெனிபா. "டிரைவர் தன் கேள்வியை ஒரு தடவை பதிஞ்சு வச்சா போதும். பதில் மாறும்போது சர்வரே சொல்லிடும்."

முதலாளி சிரித்துவிட்டார். "அதையே செய்யுங்க." திருவேங்கடம் தலையைக் குனிந்துகொண்டார்.

அதைச் செய்து முடித்த முதல் நாளே, பிரசவ வலியில் துடித்த பெண்ணோடு போன டிரைவரின் திரை பாதி வழியில் தானாக மாறி, அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை நிரம்பிவிட்டதாகக் காட்டியது. அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினார். மூன்று மணிக்கு அவரிடமிருந்து ஜெனிபாவுக்குப் போன் வந்தது.

"தாயும் பிள்ளையும் சுகம், தங்கச்சி!"

அதன் பிறகுதான் ஜெனிபா மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தாள்.