ரோசலின் போட்ட இரண்டு கோடுகள்

“கட்டை என்ன வேகத்துல விழணும், டீச்சர்?”

நாற்காலியில் உட்காரும் முன்பே இன்னாசிமுத்து கேட்டுவிட்டார்.

பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு என்று முப்பது வருஷமும் நம்பியவர். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், தன் மகள் வயதுள்ள ஃபர்சானாவிடம் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யக் கற்றுக்கொள்கிறார்.

விளையாட்டு அவர் மனைவி ரோசலினுக்காக. பக்கவாதம் வந்ததில் அந்த அம்மாளுக்கு வலது கை விரல்கள் மடங்கிப்போயின. அசைத்துக்கொண்டே இருந்தால் திரும்ப வரும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை அந்த அம்மாள் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். மேலிருந்து விழும் கட்டைகளை நகர்த்தி வரிசை நிரப்பி மறைய வைக்கும் விளையாட்டு என்றால் ஆடுவார் என்று இவர் கணக்குப் போட்டார். அம்புக்குறி விசைகள் கீபோர்டின் வலது ஓரத்தில்தானே இருக்கின்றன.

“அஞ்சு நிமிஷம் ஆடுதா. பொறவு இடது கையால லேப்டாப்ப மூடி வச்சிருதா. நாலு நாளா தொடவே மாட்டேங்கா. பதினோரு வேகம் மாத்திப் பாத்துட்டேன். சரியான எண்ணைச் சொல்லுங்க.”

ஃபர்சானா எண்ணைச் சொல்லவில்லை. வேகத்தை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

எஞ்சினுக்குள்ளே என்றார் இன்னாசிமுத்து, பெருமையாக. விளையாட்டை ஓட்டும் அடிப்படை நிரல்தான் எஞ்சின். அதற்குள் ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன மொழியையும் அவர் பொதித்து வைத்திருந்தார். ஸ்கிரிப்டில் எழுதியதை எஞ்சினைத் தொடாமலே யாரும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மனுஷர் அதனிடம் ஒப்படைத்தது கட்டைகளின் நிறத்தை மட்டும்தான்.

“ஏன் சார்?”

“விதியெல்லாம் வெளிய கெடந்தா யாராவது கெடுத்துருவாங்கல்லா.”

“வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?”

“நானும் அவளும்தான்.”

ஃபர்சானா சிரிக்கவில்லை. வேகத்தை ஸ்கிரிப்டுக்கு மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

அடுத்த வாரம் இன்னாசிமுத்து மாற்றிக்கொண்டு வந்து, சரியான எண் என்ன என்று மறுபடி கேட்டார். கட்டைகளின் வடிவத்தையும் வெளியே எடுங்கள் என்றார் ஃபர்சானா. அதற்கடுத்த வாரம், ஆட்டம் எப்போது முடியும், நிரம்பிய வரிசை என்ன ஆகும் என்பதையும் எடுக்கச் சொன்னார். அவரும் பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறவர் மாதிரி ஒவ்வொரு விதியாக மனசில்லாமல் வெளியே விட்டார்.

“இப்ப எஞ்சினுக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர். கட்டம் வரையத் தெரியும். எந்த விசையை அமுக்குனாங்கன்னு பாக்கத் தெரியும். அவ்வளவுதான்.”

நல்லது என்றார் ஃபர்சானா. ஸ்கிரிப்டில் பெயர்கள் எல்லாம் எந்த மொழியில் என்று கேட்டார். இங்கிலீஷில், அதுவும் நாலெழுத்தாகச் சுருக்கி. ரோசலினுக்குப் புரிகிற தமிழில் எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுத வைத்தார்.

“இதைத் திறந்து அம்மா முன்னால வைங்க. எந்த வரிக்கு முன்னால ரெண்டு சின்னக் கோடு போட்டாலும் அந்த வரி தூங்கிரும், வேலை செய்யாதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிருங்க.”

“தப்பா எதையாவது போட்டுட்டான்னா?”

“போடட்டும். நீங்கதான் வெளிய இருப்பீங்களே சார்.”

அப்படியே செய்தார். பரீட்சை ஹாலில் நடந்து பழகிய கால்கள் வீட்டு வாசலில் நடந்தன. உள்ளே எட்டிப் பார்க்கத் துடித்தது. மூன்று மாத உழைப்பு நாசமாகப் போகிறது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வகுப்பு இல்லை. வந்துவிட்டார்.

“விளையாட்டே போச்சு டீச்சர். வேகத்தை அவ தொடவே இல்ல. ‘நிரம்பிய வரிசை மறையும்’னு ஒரு வரி இருந்துச்சுல்லா, அதைத் தூங்க வச்சுட்டா.”

ஏன் என்று கேட்டீர்களா என்றார் ஃபர்சானா.

கேட்டிருந்தார். “‘ஒரு கட்டையை எடத்துல வைக்க நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும். வச்சு முடிச்சதும் அழிச்சுப்போட்டா நான் எதுக்கு வைக்கணும்’ங்கா.”

ஃபர்சானா தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார்.

“வரிசை மறையலேன்னா அது ஆட்டமா டீச்சர்? கட்டை உச்சி வரைக்கும் நிரம்பி நிக்குது. அவ அதை ஆசையாப் பாத்துட்டு, ஓரத்துல ஒரு ஓட்டை விழுந்துட்டுன்னு மறுபடி முதல்லருந்து அடுக்குதா.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு மணிக்கு உக்காந்தா. நான் ராத்திரிக்குத் தோசை சுட்டு எடுத்துட்டுப் போறேன், எந்திரிக்கல. தோசை ஆறியே போச்சு.”

“எந்தக் கையால ஆடுனாங்க?”

இன்னாசிமுத்து நினைத்துப் பார்த்தார். தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே போனபோது பார்த்ததுதான். அப்போது அவர் கவனம் திரையில் இருந்தது; கை இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ரோசலினின் இடது கை மடியில் சும்மா கிடந்தது.