தனபால் பூட்டிய வாஷர்

மாரப்பன் சீடனாகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. குரு அவரைவிட இருபது வயது இளையவள்.

அவள் பெயர் அமுதவல்லி. சங்ககிரிக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக டீசல் பட்டறை வைத்திருந்தாள். லாரி இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்துப் பூட்டுவது அவள் தொழில். மாரப்பனின் ஒரே மகன் தனபால், லோடு இல்லாத நாட்களில் தன் லாரியோடு அங்கே வந்துவிடுவான். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, தன் வண்டி வேலையைத் தானே செய்துகொள்வான். வீட்டுக்குப் போனால் அதைத்தான் பேசுவான்.

மஞ்சள் காமாலையில் அவன் போய்ச் சேர்ந்தான். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய மாரப்பனால் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. ஒரு நாள் பட்டறைக்கு வந்து, எனக்கும் சொல்லிக்கொடு அம்மணி என்று கேட்டார். அமுதவல்லி காரணம் கேட்கவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சின்னப் பையனோடு நின்ற மருமகள் கோமளாவுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவரும் மாரப்பன்தான். சொந்தக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அசையவில்லை. சிவநேசன் என்கிற டிரைவரைத் தானே போய்ப் பார்த்தார், பேசினார், தை மாதத்தில் கல்யாணம் என்று முடித்தார். தனபாலின் லாரியையும் இனி அவனே ஓட்டட்டும் என்றார்.

சிவநேசன் ஒன்றே ஒன்று கேட்டான். லோடு ஏற்றினால் தொப்பூர் மேட்டில் வண்டி திணறுகிறது, இதைவிடத் திறன் கூடிய புது இன்ஜெக்டர்கள் போட்டுக்கொள்ளலாமா என்று. மாரப்பன் சரி என்றார். நானே பூட்டித் தருகிறேன் என்றும் சொன்னார்.

அடுத்த நாளே லாரி பட்டறைக்கு வந்தது. மாரப்பன் பழைய இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு செப்பு வாஷர் ஒட்டிக்கொண்டு வந்தது. சிலிண்டருக்குள் வெடிக்கிற காற்று மேலே கசியாமல் அடைத்து நிற்பது அதுதான். அவர் இன்ஜெக்டர்களை ஒதுக்கி வைத்தார். வாஷர்களை மட்டும் துணியால் துடைத்து, புது இன்ஜெக்டர்களின் மூக்கில் மாட்டத் தொடங்கினார்.

அமுதவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழசு எதுக்குங்ணா?"

"நல்லாத்தானே இருக்குது, அம்மணி. ஒரு கீறல் இல்ல."

அவள் சற்று யோசித்தாள். "பூட்டிப் பாருங்க" என்றாள்.

பூட்டினார். அளந்து முறுக்கினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அடியில் யாரோ மூச்சு வாங்குவதுபோல இன்னொரு சத்தம் கேட்டது. அமுதவல்லி சோப்புத் தண்ணீரை எடுத்து இன்ஜெக்டர்களைச் சுற்றி ஊற்றினாள். ஒவ்வொன்றின் காலடியிலும் நுரை பொங்கியது.

மாரப்பனே போய் இன்ஜினை நிறுத்தினார்.

"காத்து கசியுது" என்றார். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். ஒரு தடவை அமுங்கிய செம்பு இறுகிவிடும் என்று அவருக்குத் தெரியும். சூடு காட்டினால் மறுபடி இளகும் என்பதும் அவளிடம் கற்றதுதான். சூடு காட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அவள் மறுக்காமல் கேஸ் பர்னரைப் பற்றவைத்துக் கொடுத்தாள். வாஷர்கள் சிவந்தன. தண்ணீரில் போட்டு எடுத்தபோது புதுச் செம்புபோல மெத்தென்று இருந்தன. மாரப்பனின் முகம் தெளிந்தது.

அமுதவல்லி பழைய இன்ஜெக்டர் ஒன்றையும் புதியது ஒன்றையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மைக்ரோமீட்டரை அவரிடம் நீட்டினாள்.

அவர் அளந்தார். புதியதின் மூக்கு பழையதைவிட ஒரு நூலளவு நீளம். பழைய வாஷரோ அமுங்கி அமுங்கித் தேய்ந்து மெலிந்திருந்தது. இதைப் போட்டால் மூக்கு அதிகமாக உள்ளே இறங்கிவிடும். டீசல் விழ வேண்டிய இடத்தில் விழாமல் பிஸ்டனின் வேறு இடத்தில் அடிக்கும். என்றைக்காவது ஒரு மேட்டில், முழு லோடோடு, பிஸ்டன் உருகி ஓட்டை விழும். அவள் அதை விளக்கவில்லை. அவருக்கே புரிந்தது. இதற்குத் தடித்த வாஷர் வேண்டும்.

மாரப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒரு வாஷரை விரல்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, தலை நிமிராமல் பேசினார். தனபாலுடைய சட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றார். பேரன் சிவநேசனை அப்பா என்று கூப்பிடுகிறான், கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான் என்றார். அதில் யார்மேலும் வருத்தமில்லை என்றார்.

"எல்லாத்தையும் என் கையாலயே எடுத்துக் குடுத்தாச்சு, அம்மணி. இது அவன் பூட்டினது. வெளிய யாருக்கும் தெரியப் போறதில்ல. இது ஒண்ணாவது உள்ள இருக்கட்டும்னு பாத்தேன்."

தனபால் அந்த வாஷர்களைப் பூட்டியபோது இதே இடத்தில் நின்று விளக்குப் பிடித்தவள் அமுதவல்லிதான். உள்ளே போனாள். தடித்த வாஷர்களைப் பொறுக்கி எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"அவன் பூட்டினது கடைசி வரைக்கும் கசியலைங்ணா. இப்ப நீங்க அதைக் கசிய வைக்காதீங்க."

மாரப்பன் மடியிலிருந்த வாஷர்களை மேஜையில் எடுத்து வைத்தார். எழுந்துபோய், இன்ஜெக்டர் குழிகளைத் துடைக்க ஒரு துணியைத் தேடினார்.