அறுபத்தொன்றாம் எண்ணின் பூஜ்யம்

"இதை வெளிய விட்டா என் மானம் கப்பலேறிரும் டீச்சர்," என்றார் டாக்டர் ரத்தினபாண்டியன்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடியில் காது மூக்கு தொண்டை வைத்தியர். டீச்சர் ஹமீதாவுக்கு முப்பத்து நான்கு. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். மகள் வயதுப் பெண்ணிடம் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று கூட இருந்த டாக்டர்கள் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. தப்பைக் காட்டத்தான் கூச்சம்.

வைரஸ் காய்ச்சல் வந்து போனதும் சிலருக்கு மணமும் ருசியும் போய்விடும். அப்படி வந்த இருநூறு பேரில் பாதிப்பேருக்கு டாக்டர் நான்கு புட்டிகள் கொடுத்தார். கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ், ரோஜா. காலையும் மாலையும் முகர வேண்டும். மற்ற பாதிக்குப் புட்டி இல்லை. ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் சோதனை. பன்னிரண்டு மணத்தில் எத்தனை தெரிகிறதோ, அதுதான் மதிப்பெண்.

கணக்குப் போட்டால் இரண்டு பாதியும் ஒன்றுபோல வந்தது. புட்டியால் பயனில்லை.

மாதக் கடைசியோடு புட்டி கொடுப்பதை நிறுத்துங்கள் என்றது ஆஸ்பத்திரி நிர்வாகம். புட்டிக்காக இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

டாக்டருக்கு நெஞ்சு ஆறவில்லை. ஆனால் தரவையும், கணக்குப் போட்ட கம்ப்யூட்டர் நிரலையும் யாருக்கும் காட்ட மனம் வரவில்லை, டீச்சருக்குக்கூட. தோற்றது போதாதா, தோற்ற விதத்தையும் காட்ட வேண்டுமா?

ஹமீதா மேஜைமேல் இருந்த கிராம்புப் புட்டியை மூடியோடு அவர் மூக்கருகே நீட்டினார்.

"என்ன மணம்?"

"மூடியிருக்கே."

ஹமீதா அவருடைய நோட்டை இழுத்து ஒரு பூஜ்யம் போட்டார்.

"இது அநியாயம்."

"அப்படியா?" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார் ஹமீதா. அன்றைய பாடம் அவ்வளவுதான்.

டாக்டர் மூன்று நாள் யோசித்தார். மூடி வைத்தால் யாருக்கு என்ன தெரியும் என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். நோயாளிகளின் பெயரை நீக்கி எண்ணை மட்டும் வைத்து, தரவு, நிரல் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் கடிதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. சுகிர்தா என்று ஒரு மாணவி. நிரல் ஓடவில்லை, அது 'மகள் கல்யாணம்' என்ற ஃபோல்டரில் தரவைத் தேடுகிறது, அப்படியொன்று என்னிடம் இல்லை என்று எழுதியிருந்தாள்.

டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. பத்திரிகை மாதிரிக்கும் பந்தல்காரர் ரசீதுக்கும் நடுவில் ஆராய்ச்சியை வைத்திருந்தவர் அவர்தான். திருத்திப் போட்டார்.

ஒரு வாரத்தில் இரண்டாம் கடிதம்.

"இப்போது ஓடுகிறது. உங்கள் விடையே எனக்கும் வருகிறது. ஆனால் 61ஆம் எண்ணுக்கு ஆறாம் மாத மதிப்பெண் பூஜ்யம், வந்த தேதி காலி. வராதவருக்கு மணம் தெரியவில்லை என்று எப்படித் தெரியும்? இப்படி முப்பத்தொரு பேர். அதில் இருபத்தாறு பேர் புட்டி வாங்கியவர்கள்."

மதிப்பெண்களைப் பதிந்த நர்ஸைக் கூப்பிட்டு டாக்டர் கேட்டார். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை, அதனால் பூஜ்யம் போட்டேன் என்றார் அவர். டாக்டரால் கோபப்பட முடியவில்லை. அந்தப் படிவத்தை அப்படி அமைத்தவரும் டாக்டர்தான்.

வராதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். புட்டி ஜெயித்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் ஓடினார்.

ஹமீதா தாளைப் பார்க்கக்கூட இல்லை.

"வராதவங்க ஏன் வரலை டாக்டர்?"

ஓடி வந்த வேகத்திலேயே அவர் திரும்பிப் போனார்.

61ஆம் எண் அந்தோணிசாமி, கருவாட்டு வியாபாரி. டாக்டரே போன் போட்டார்.

"மணம் வந்திருச்சு சார். பிறகு எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?" என்றார் அந்தோணிசாமி. "இப்ப கடைக்குள்ள உட்காரத்தான் முடியல."

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முப்பத்தொரு பேரையும் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்துச் சோதித்தார். புட்டி வாங்கிய இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் ஒன்பதுக்கு மேல் எடுத்தார்கள். பழைய தப்பையும் பக்கத்திலேயே வைத்து, புதுக் கணக்கை மறுபடி எல்லோருக்கும் திறந்து விட்டார். சுகிர்தா போட்டுப் பார்த்தாள், அதே விடை. இன்னும் இரண்டு ஊர்களில் முன்பின் தெரியாதவர்கள் போட்டுப் பார்த்தார்கள், அதே விடை.

நிர்வாகம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. நாற்பது பேரும் புட்டி வாங்கிப் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கிராம்பு மணந்தது. டாக்டருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மாலையில் நோட்டோடு வந்து டீச்சர் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பழைய பூஜ்யம் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"இதைப் போட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"எப்படித் தெரியும்?" என்றார் ஹமீதா. "எனக்கும்தான் நீங்க காட்டலையே."