மூன்று கீற்று வேலி

அந்தக் காலத்தில் விசைப்பலகையில் இருந்த குறிகளெல்லாம் வாய் ஓயாமல் பேசும். அதன் இடது மேல் மூலையில் கீற்று என்றொரு குறி இருந்தது. வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி சாய்ந்த ஒரு கோடு, அவ்வளவுதான் ஆள். அந்தப் பக்கம் ஒரு விரலும் வராது.

மற்றவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஹேஷ் என்கிற # குறி வரிக்கு முன்னால் நின்றால் அந்த வரி பெரிய தலைப்பாகிவிடும். நட்சத்திரம் சொல்லுக்கு இரண்டு பக்கமும் நின்றால் சொல் சாயும். ஜோடி ஜோடியாக நின்றால் தடிக்கும்.

"உனக்கு என்னதான்டா வேலை?" என்று கேட்டது ஹேஷ்.

"கூப்பிட்டா வருவேண்ணே."

"கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க."

ஒருநாள் மழை அறிக்கை ஒன்று வந்தது. அதன் நடுவில் நிரல் உட்கார்ந்திருந்தது. கணினி போட வேண்டிய கணக்கு அதனிடம்தான். மதியத்துக்குள் விடை வந்தால்தான் ஏரி மதகைத் திறக்கலாமா என்று ஊருக்குத் தெரியும்.

எழுத்தையும் கணக்கையும் சேர்த்துப் பக்கமாகப் பின்னுகிறவள் சிலந்தி. அவள் பின்னப் பின்ன எல்லாம் கோணிக்கொண்டது. நிரலுக்குள் சின்னக் குறிப்புக்காக நின்ற ஹேஷ், அதைத் தலைப்பாக ஊதிவிட்டது. எண்களைப் பெருக்குவதற்கு நெருங்கி நின்ற நட்சத்திரங்கள் அவற்றைச் சாய்த்துவிட்டுக் காணாமல் போயின.

"எது பேச்சு, எது கணக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாராவது குறுக்கே நில்லுங்க" என்றாள் சிலந்தி.

"நாங்க நின்னா இன்னும் கெடும்" என்றது நட்சத்திரம்.

"நான் நிக்கிறேன்க்கா. எனக்கு வேற வேலை இல்ல" என்றது கீற்று.

சிலந்தி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "கணக்குக்கு மேலே மூணா, கீழே மூணா நிக்கணும். பின்னி முடிச்சதும் உருவிப் போட்டுடுவேன். ஹேஷை உருவினா தலைப்பு மிஞ்சும். நட்சத்திரத்தை உருவினா தடிச்ச சொல் மிஞ்சும். உன் பேர் சொல்ல ஒண்ணும் மிஞ்சாது, தம்பி."

கீற்று தன் மூலையை விட்டு இறங்கியது. நிரலுக்கு மேலே மூன்றாகவும் கீழே மூன்றாகவும் போய் நின்றது.

வேலிக்குள் ஹேஷ் அடங்கியது. நட்சத்திரம் ஒழுங்காகப் பெருக்கியது. விடை வந்தது, மதகு திறந்தது. அச்சான பக்கத்தை ஊரே கூடி வாசித்தது. கீற்று தன்னை அதில் வரிவரியாகத் தேடியது. எங்கும் இல்லை.

அன்றிலிருந்துதான், எழுத்துக்கு நடுவே கணக்கு வைக்கிறவர்கள் அந்த மூலைக்கு விரல் நீட்டி மும்முறை தட்டுகிறார்கள். படிக்கிறவர்களுக்கோ அப்படியொரு குறி இருப்பதே தெரிவதில்லை.